வேடியப்பன் கல்லுக்குச் சான்றெண் எழுதி ஏழு மாதம் இழந்தேன்

2022 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம். பள்ளியில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது என் ஆய்வு நெறியாளர் போன் செய்தார். "அம்மா, ரிப்போர்ட் வந்திருக்கு. ஒருத்தர் சரின்னு சொல்லிட்டார். இன்னொருத்தர் திருத்தி மறுபடி சமர்ப்பிக்கச் சொல்லியிருக்கார். நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்றார். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. பகுதிநேரமாக ஆறு வருடம் செய்த ஆய்வு அது. பாலக்கோட்டில் ஒரு தனியார் பள்ளியில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் களப்பணி, பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுத்து என்று ஓடிய வருடங்கள். அன்று இரவு சாப்பிடாமல் படுத்தேன். ஒரு வாரம் அந்தப் புறத்தேர்வாளர் மேல் கோபமாகவே இருந்தேன். கோபம் அடங்கிய பிறகு அவர் எழுதியிருந்த இரண்டு பக்கத்தை நிதானமாகப் படித்தேன். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

என் தலைப்பு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வேடியப்பன் வழிபாடு. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஏரிக்கரையிலும் மரத்தடியிலும் நிற்கும் பழைய நடுகற்களைத்தான் இங்கே வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். ஆநிரை கவர்ந்த பூசலில் செத்த வீரனுக்கு எடுத்த கல், பல தலைமுறை கழித்து ஊருக்குக் குலசாமியாகிவிட்டது. ஆக, என் ஆதாரங்களில் பாதி புத்தகமே இல்லை. கல், ஆயாக்கள் பாடிய பாட்டு, கூத்து வாத்தியாரின் கையெழுத்து நோட்டு, திருவிழா நோட்டீஸ், பழைய கிரயப் பத்திரம், யூடியூபில் யாரோ ஏற்றிய வீடியோ. எங்களுக்குக் கொடுத்திருந்த ஆய்வேட்டு நெறிமுறையில் நூல், இதழ்க் கட்டுரை, ஆய்வேடு, இணையதளம் என்று நாலே நாலுக்குத்தான் மாதிரி இருந்தது. மீதிக்கு என்ன செய்வது என்று நான் யாரையும் கேட்கவில்லை. எனக்குத் தோன்றியபடி "வேடியப்பன் கல், ஊத்தங்கரை வட்டம், நேரில் கண்டது" என்றும், "தகவலாளர் நேர்காணல்" என்றும், "கூத்து நோட்டு, ப. 14" என்றும் எழுதி வைத்தேன். தேர்வாளர் இப்படிப்பட்ட அறுபத்துச் சொச்சம் சான்றெண்களை (ஒரு செய்தி எங்கிருந்து வந்தது என்று காட்டும் எண்ணிட்ட குறிப்புகளை) வரிசையாகக் குறித்து, பக்கத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: "இவற்றைப் பிடித்துக்கொண்டு நான் எங்கே போய்ப் பார்ப்பது?"

சரி, கல்லிலிருந்து தொடங்குகிறேன். அதில்தான் அதிகம் அடிபட்டேன். ஊத்தங்கரை வட்டத்தில் எத்தனையோ வேடியப்பன் இருக்கிறார். நான் சொன்னது எந்த வேடியப்பன்? 2018-இல் முதல் தடவை போனபோது ஒரு கல்லை ஏரிக்கரைப் புளியமரத்தடியில் பார்த்தேன். வலது கையில் வாள், இடது கையில் வில், காலடியில் மாடு. தலைக்கு மேலே ஐந்து வரி வட்டெழுத்து. 2022 டிசம்பரில், திருத்தத்துக்காக மறுபடி போனபோது மரம் இல்லை. கல்லை ஐம்பது அடி தள்ளி எடுத்துப்போய், சிமெண்ட் மேடை கட்டி, சுற்றி வெள்ளை டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். மாட்டின் உருவம் மேடைக்குள் போய்விட்டது. வீரனுக்குப் பச்சை பெயிண்ட், வேட்டிக்குச் சிவப்பு, எழுத்து இருந்த இடம் முழுக்க மஞ்சளும் எண்ணெயும் ஏறி விரலால் தடவினால்கூட வெட்டு தெரியவில்லை. ஊர்க்காரர்கள் பக்தியோடு செய்ததைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் என் ஆய்வில் இருக்கும் கல்லுக்கு இப்போது மிஞ்சிய ஒரே சாட்சி, நாலு வருடம் முன்னால் நான் எடுத்த இரண்டு போட்டோ. அந்தப் போட்டோக்களை நான் ஆய்வேட்டில் சேர்க்கவே இல்லை!

அன்று முதல் கல்லுக்கு நான் எழுதும் குறிப்பு மாறியது. ஊர், வட்டம், மாவட்டம். ஊரில் எந்த இடம். எந்தச் சர்வே எண்ணில் நிற்கிறது. நான் பார்த்த நாள். பின்னிணைப்பில் எத்தனையாவது படம். சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் அ-பதிவேட்டைப் பார்த்துச் சொல்வார். கல்லுக்குக் கதவு எண் கிடையாது. ஆனால் அது நிற்கும் நிலத்துக்கு எண் உண்டு. ஜிபிஎஸ் புள்ளியையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அச்சில் போடும் முன் ஒருமுறை யோசியுங்கள். காவல் இல்லாத இடத்தில் தனியாக நிற்கும் சிலைக்கும் கல்லுக்கும் துல்லியமான வழி சொல்வது எல்லோருக்கும் நல்லதாக முடியாது. நான் அதை என் களக்குறிப்போடு நிறுத்திக்கொண்டேன். கல் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தால் அங்குள்ள பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள், கூடவே முதலில் எந்த ஊரில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். இரண்டும் இருந்தால்தான் பழைய நூலில் படித்தவரும் புதிதாகப் பார்க்கப் போகிறவரும் ஒரே கல்லைத்தான் பேசுகிறோம் என்று புரிந்துகொள்வார்கள்.

இதில் இன்னொரு குழி இருக்கிறது. எனக்கு வட்டெழுத்து படிக்கத் தெரியாது. கல்லின் வாசகத்தை அச்சான கல்வெட்டுத் தொகுப்பிலிருந்துதான் எடுத்தேன். ஆனால் "நேரில் கண்டது" என்று மட்டும் போட்டதால், நானே கல்லைப் பார்த்துப் படித்துவிட்டதுபோல ஆகிவிட்டது. ஏமாற்ற நினைக்கவில்லை, ஆனாலும் படிக்கிறவருக்கு அது பொய்தான். இப்போது இரண்டையும் பிரித்து எழுதுகிறேன்: கல் நேரில் பார்த்தது, வாசகம் இன்ன தொகுப்பு, இன்ன எண். எண் எழுதும்போது ஆண்டை விட்டுவிடாதீர்கள். மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் எண் வருடா வருடம் ஒன்றிலிருந்து தொடங்கும். ஆண்டு இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு நூறு வருட அறிக்கைகளையும் புரட்ட வேண்டியதுதான். நான் புரட்டினேன். மூன்று எண்ணுக்கு இரண்டு நாள் ஆனது.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2-ஆம் தேதி. கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9-ஆம் தேதி. ஆகவே எழுபதுகளில் வந்த நூல் ஊத்தங்கரைக் கல்லைத் தருமபுரி மாவட்டம் என்றுதான் சொல்லும். வெள்ளைக்காரன் காலத்து ஆவணத்தில் அதுவே சேலம் மாவட்டம். நான் ஒரே ஊரை ஒரு இடத்தில் தருமபுரி என்றும் இன்னொரு இடத்தில் கிருஷ்ணகிரி என்றும் எழுதியிருந்தேன். தேர்வாளர் இரண்டு கல் என்றே நினைத்துவிட்டார். நூலில் உள்ளபடி எழுதி, "இன்று கிருஷ்ணகிரி மாவட்டம்" என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் முடிந்திருக்கும்.

சேலம் என்றதும் லெஃபானு நினைவுக்கு வருகிறார். 1883-இல் வந்த அவருடைய சேலம் மாவட்டக் கையேட்டை நான் பார்க்காமலே மேற்கோள் காட்டியிருந்தேன். வேறொரு நூலின் அடிக்குறிப்பிலிருந்து அப்படியே எடுத்தது. அந்த நூலில் பக்க எண் இருந்தது, தொகுதி எண் இல்லை. கையேடோ இரண்டு தொகுதி. தேர்வாளர் இரண்டிலும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். நான் சொன்ன செய்தி ஒன்றிலும் இல்லை. அவமானமாக இருந்தது. பார்க்காத நூலைப் பார்த்ததாகக் காட்டாதீர்கள். மூலம் கிடைக்கவில்லை என்றால் "இன்னார் நூலில் காட்டியபடி" என்று எழுதுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. 1918-இல் ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் கெசட்டியரை மட்டும் நான் முழுசாகப் படித்திருந்தேன், அந்தச் சான்றெண்களில் ஒரு திருத்தமும் வரவில்லை.

கூத்து நோட்டின் கதை வேறு மாதிரி. காரிமங்கலம் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவர், அவர் அப்பா கையால் எழுதிய வேடியப்பன் பாட்டு நோட்டைக் காட்டினார். தலைப்பு கிடையாது, பக்க எண் கிடையாது. முதல் பக்கத்தில் "விளம்பி வருஷம் ஆனி மாசம்" என்று மட்டும் இருந்தது. நான் அதை அப்படியே எழுதிவிட்டேன். தேர்வாளர் கேட்டது: எந்த விளம்பி? தமிழ் வருடம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் அல்லவா. 1898, 1958, 2018 மூன்றுமே விளம்பிதான். வாத்தியாரிடம் மறுபடி போனேன். "எங்கப்பா எழுதினதும்மா, எந்த வருஷம்னு நான் என்னத்தைக் கண்டேன்" என்றார். நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். செல்லரித்த பின்னட்டையின் மூலையில், வாய்ப்பாட்டுக்குக் கீழே, பொடி எழுத்தில் விலை போட்டிருந்தது: 25 ந.பை. நயா பைசா! அந்தக் காசு வந்ததே 1957 ஏப்ரல் 1-இல்தான். 1964-இல் "நயா" என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். ஆக, நோட்டு 1958 ஜூன், ஜூலை வாக்கில் எழுதத் தொடங்கியது. அன்று வாத்தியார் வீட்டுத் திண்ணையில் எனக்கு வந்த சந்தோஷம், பிறகு பட்டம் வாங்கியபோதுகூட வரவில்லை.

அந்த நோட்டுக்கு இப்போது உள்ள குறிப்பில், எழுதியவர் பெயர், நான் வைத்த தலைப்பு (சதுர அடைப்புக்குள், அது என்னுடையது என்று தெரிய), கையெழுத்துப் படி, விளம்பி ஆனி (1958), யார் வசம் இருக்கிறது, எந்த ஊர், நான் படம் எடுத்த நாள், கூடவே "தாள் எண் என்னால் இடப்பட்டது" என்ற வரியும் இருக்கிறது. பக்க எண் இல்லாததற்குத் தாளை எண்ணி முன்பக்கம், பின்பக்கம் என்று சொல்வதுதான் வழி. ஓலைச்சுவடிக்கும் அப்படித்தான். அட்டையைச் சேர்த்து எண்ணினீர்களா, விட்டு எண்ணினீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள். முதல் முறை நான் சேர்த்து எண்ணியதாலேயே பதினொரு சான்றெண்கள் இடம் மாறிக் கிடந்தன.

மற்றவை வேகமாக. திருவிழா நோட்டீசில் ஆசிரியர் இருக்க மாட்டார். வெளியிட்ட கோயில் கமிட்டி, தலைப்பு வரி, அடியில் இருக்கும் அச்சகத்தின் பெயரும் ஊரும், தமிழ்த் தேதியும் அதற்குரிய ஆங்கிலத் தேதியும் போதும். கிரயப் பத்திரத்துக்கு ஆவண எண், ஆண்டு, புத்தக எண், எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்பது முக்கியம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடத்திலும் தெலுங்கிலும் பேசியவர்களை நான் தமிழில் மேற்கோள் காட்டியிருந்தேன். சொன்ன மொழி எது, பெயர்த்தது யார் என்று எழுதவில்லை. ஒரு வரிதான், ஆனால் அது இல்லாததால் அந்தப் பாட்டி தமிழில் பேசியதாகவே ஆகிவிட்டது.

இணைய வீடியோவில் நான் மொத்தமாகத் தோற்றேன். யூடியூபில் யாரோ ஏற்றிய இரண்டு மணி நேரக் கூத்து. அதிலிருந்து மூன்று பக்கம் எழுதியிருந்தேன். திருத்த உட்கார்ந்தபோது வீடியோ நீக்கப்பட்டிருந்தது. சேனல் பெயர்கூட நான் எழுதி வைக்கவில்லை. அந்த மூன்று பக்கத்தையும் எடுத்துவிட வேண்டியதாயிற்று. சேனல் பெயர், தலைப்பு, ஏற்றிய நாள், நீங்கள் பார்த்த நாள், எத்தனையாவது நிமிடம் எத்தனையாவது நொடி என்பதைப் பார்க்கும்போதே எழுதுங்கள். அந்தப் பகுதியைக் கேட்டு வார்த்தைக்கு வார்த்தை தாளில் இறக்கியும் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் தனித்தனி மாதிரி தேடி அலைந்தபோது எனக்கு உதவியது எம்எல்ஏ கையேட்டின் (அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் வெளியிடும் மேற்கோள் கையேடு) யோசனைதான். 2016-இல் வந்த அதன் 8-ஆம் பதிப்பு, ஒவ்வொரு வகைக்கும் ஒரு சூத்திரம் என்பதை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்பது கூறுகளை வைத்தது. 2021-இல் வந்த 9-ஆம் பதிப்பும் அதையே பின்பற்றுகிறது. யார் செய்தது, அதன் பெயர் என்ன, அது எதற்குள் இருக்கிறது, எண் என்ன, யார் வெளியிட்டது, எப்போது, எங்கே போனால் கிடைக்கும் என்கிற மாதிரியான கேள்விகள். நடுகல்லுக்கும் நோட்டீசுக்கும் அதே கேள்வியைக் கேட்டேன். பதில் இருப்பதை எழுதினேன், இல்லாததை விட்டேன். உங்கள் துறை எந்த முறையைச் சொல்கிறதோ அதன் நிறுத்தற்குறியில் அதை எழுதிக்கொள்ளலாம். ஒரு ஆய்வேட்டுக்குள் முறை மாறாமல் இருந்தால் போதும். தொடங்கும் முன் நெறியாளரிடம் ஒரு பக்கத்தில் பத்து மாதிரி எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தால் எனக்கு இந்தப் பாடே வந்திருக்காது.

"மேலது" (முந்தைய சான்றெண்ணில் சொன்ன அதே நூல் என்று பொருள்) பற்றி ஒரு எச்சரிக்கை. நான் பக்கத்துக்குப் பக்கம் மேலது, மேலது என்று போட்டிருந்தேன். திருத்தத்தில் நடுவே புதிதாக நாற்பது சான்றெண்கள் நுழைந்ததும் ஒவ்வொரு மேலதும் வேறு நூலைச் சுட்டத் தொடங்கியது. கல்வெட்டுத் தொகுப்பு சொன்னதைக் கூத்து நோட்டு சொன்னதாகக் காட்டியது. எல்லாவற்றையும் கையால் சரிசெய்யப் பதினேழு இரவு ஆனது. ஆங்கிலத்தில் பலர் பின்பற்றும் சிகாகோ மேற்கோள் கையேடே 2017-இன் 17-ஆம் பதிப்பில் இதற்குப் பதிலாக ஆசிரியர் பெயரும் குறுந்தலைப்பும் போடுவதைத்தான் பரிந்துரைக்கிறது. இறுதிப் படி வரை குறுந்தலைப்பிலேயே வைத்திருங்கள். துறை மேலது கேட்டால் கடைசி நாளில் மாற்றிக்கொள்ளலாம். சொடேரோ (மேற்கோள் விவரங்களைச் சேர்த்து வைக்கும் கணினி மென்பொருள்) பயன்படுத்துபவர்கள் தமிழ்ப் பெயரை ஒரே கட்டத்தில் இடுங்கள். இரண்டு கட்டத்தில் இட்டு, குடும்பப் பெயருக்கான கட்டத்தில் தலைப்பெழுத்து விழுந்துவிட்டால் அகர வரிசை குலைந்துவிடும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன், யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மறுசமர்ப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். மறுபடி ஊர் ஊராகப் போனதற்கு 9,400. டிடிபி திருத்தம் 7,200. ஐந்து படி அச்சும் பைண்டிங்கும் 6,500. பதினொரு நாள் சம்பளம் இல்லாத விடுப்பு, 6,600. மொத்தம் 39,700. வீட்டில் பெரியவளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் அது. என் வளையல் இரண்டு அந்த வருடம் அடகுக் கடையில் இருந்தது. 2023 ஜூனில் மறுபடி சமர்ப்பித்தேன்.

நேர்காணலைக் கடைசிக்கு வைத்தேன், அதைச் சொல்வது எனக்குக் கஷ்டம். என்னிடம் முப்பத்தொரு ஒலிப்பதிவு இருந்தது. பழைய போனிலிருந்து புதிய போனுக்கு மாற்றியபோது எல்லாக் கோப்புக்கும் மாற்றிய தேதியே விழுந்துவிட்டது. நேர்காணல் நடந்த அதே நாட்களில் கேமராவில் எடுத்த போட்டோக்களின் உள்விவரத்தில் தேதி இருந்ததால் இருபத்தாறை மீட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்த போட்டோக்களில் பெரும்பாலும் அந்த விவரம் இருக்காது, அதை நம்பாதீர்கள். மீதி ஐந்துக்கு நேரில் போய்க் கேட்டேன். "ராகி அறுப்புக்கு முன்னாடி வந்தீங்க டீச்சரம்மா, எங்க மாடு கன்னு போட்ட வாரம்" என்று ஒருவர் சொன்னதை வைத்து "2019 அக்டோபர் அல்லது நவம்பர்" என்று எழுதினேன். தெரியாத தேதியைத் தெரிந்ததுபோல எழுதுவதைவிட அது மேல். இப்போதெல்லாம் பதிவைத் தொடங்கியதும் நாள், ஊர், பேசுகிறவர் பெயர் மூன்றையும் நானே வாயால் சொல்லிவிடுகிறேன். கோப்பின் தேதி போனாலும் குரல் போகாது.

தேர்வாளர் இன்னொன்றும் கேட்டிருந்தார்: தகவலாளர் பெயரை வெளியிட அனுமதி வாங்கினீர்களா? முப்பது பேரிடம் மறுபடி கேட்டு எழுதி வாங்கினேன். நாலு பேர் பெயர் வேண்டாம் என்றார்கள், பெயருக்குப் பதில் எண் போட்டுக் கொடுத்தேன். ஆனால் எனக்கு நாற்பது பாட்டு சொன்ன ஆயா 2021-லேயே இறந்துவிட்டார். அவர் பெயரைப் போடலாமா கூடாதா என்று தெரியாமல் அவருடைய பதிவை ராத்திரி முழுக்கக் கேட்டேன். பதினாலாவது நிமிடத்தில் பாட்டை நிறுத்தி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொல்கிறார்: "என் பேரைப் போடு கண்ணு. இது நான் பாடுனதுன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்." அந்தச் சான்றெண்ணில் அவர் முழுப்பெயர், ஊர், பதிவின் எண், அனுமதி சொன்ன நிமிடம் வரை இருக்கிறது. இங்கே அந்தப் பெயரை எழுதவில்லை. அவர் அனுமதி கொடுத்தது ஆய்வேட்டுக்கு.